"நியாயந்தீர்க்காதீங்கோ, சிஸ்டர்"

போன ஞாயிறு ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நேரம் நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்த வருட நிர்வாகக் குழுவுக்கு முன்மொழிந்திருந்த பெயர்களில் ஒன்றைப் பற்றி. சத்தம் போடவில்லை. கையிலிருந்த பட்டீஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அவரைப் போடுறதுக்கு முதல் அவரின்ர மனுசியிட்ட ஒருக்காக் கேட்டனீங்களோ அண்ணை?" அவ்வளவுதான். செயலாளர் அண்ணை கேக் தட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டு, முகத்துச் சிரிப்பு மாறாமல் சொன்னார்: "நியாயந்தீர்க்காதீங்கோ, சிஸ்டர்."

நான் கேக்கை எடுத்தேன். எடுக்காமல் விட்டிருந்தால் ஒரு மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் அது றிச் கேக்.

எந்தச் சபை, யார் அந்த ஆள் என்று இன்பொக்ஸுக்கு வரவேண்டாம். சொல்லமாட்டேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கொழும்பில் தமிழ் ஆராதனை நடக்கிற எந்தக் கோவிலுக்குப் போகிறவருக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும் என்பதுதான் என் கவலை.

அந்த மனுசி முன்பு பாடகர் குழுவில் நின்றவள். அடிவாங்கிய அடுத்த நாளும் நீளக் கை சட்டை போட்டுக்கொண்டு வந்து பாடியவள். கொழும்பு வெக்கைக்கு நீளக் கை ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஒரு இரவு இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பையோடும் வீட்டை விட்டு இறங்கிவிட்டாள். அதோடுதான் எங்களுக்குக் கண் திறந்தது, அதுவும் அவள் பக்கம் மட்டும். "குடும்பத்தை உடைச்சுப் போட்டு எப்பிடி முன்னுக்கு நிண்டு பாடுறது?" என்று இரண்டு பேர் முறைப்பாடு செய்தார்கள். கொஞ்ச நாளைக்கு ஓய்வு எடுக்கச் சொல்லி அன்பாகச் சொல்லியனுப்பினார்கள். அன்பாகத்தான். எங்கள் ஆட்கள் எதையும் அன்பாகத்தான் செய்வார்கள்.

எங்கள் நாட்டுப் பொதுத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்தான்: திருமணத்துக்குப் பிறகான பிறர் உறவு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கட்டும்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இருவரும் பேசி, ஒத்துவரவில்லை என்று பிரிகிற வழி அதில் இல்லை. யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். அடி என்பது அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. 2005இல் வந்த வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், அது வேறு கதை. ஆகவே இந்த அடித்த மனிதர் என்ன செய்தார்? "மனைவி என்னைக் கைவிட்டுப் போனாள்" என்று அவரே முதலில் வழக்குப் போட்டார். கடதாசியில் அவர் கைவிடப்பட்டவர். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கடதாசி போதுமாயிருந்தது.

அவள் போன பிறகு நாங்கள் நியாயந்தீர்த்தோம், தாராளமாகத் தீர்த்தோம். அவருடைய பெயர் குழுவுக்கு வந்தபோதுதான் எல்லோருக்கும் மத்தேயு 7:1, மற்றவர்களைத் தீர்க்காதிருங்கள் என்கிற வசனம், ஞாபகம் வந்தது.

எனக்கு இதில்தான் கோபம். கிறிஸ்தவர்கள் மற்றவர்களைத் தீர்க்கிறார்கள் என்று வெளியிலிருக்கிறவர்கள் சொல்லுவார்கள். நான் அதற்குப் பெரிதாகத் தலை குனிவதில்லை, தீர்க்காத மனிதர் எங்கே இருக்கிறார்? சின்னவர்கள் மாட்டினால் தீர்ப்பு, பெரியவர்கள் மாட்டினால் "தீர்க்காதே" என்ற வசனம். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஒரே வேதப்புத்தகத்தை ஆளைப் பார்த்துத் திறக்கிறோம், ஆளைப் பார்த்து மூடுகிறோம்.

அந்த வசனத்தையாவது முழுதாக வாசித்திருக்கிறோமா? முதலாம் வசனத்தை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு ஐந்தாம் வசனம் வரை போவதில்லை. "மாயக்காரனே! முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு. பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்." முன்பு, பின்பு. துரும்பைக் கண்டுகொள்ளாமல் விடு என்று இயேசு சொல்லவில்லை. கண்ணில் தூசி விழுந்தவனுக்கு யாராவது இமையைப் பிரித்து எடுத்துவிடத்தான் வேண்டும். கண் தெரியாதவன் வந்து விரலை விடாதே என்றுதான் சொல்கிறார். யோவான் 7:24இல் இன்னும் நேராகவே இருக்கிறது: தோற்றத்தின்படி தீர்ப்புச் செய்யாமல் நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள் என்று. அந்த வசனம் பொறித்த சுவர்ப் படம் ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை.

உத்திரம் என்றால் என்ன என்று என் மகன் கேட்டான். வெள்ளவத்தை அடுக்குமாடியில் பிறந்த பிள்ளைக்கு உத்திரம் எங்கே தெரியும்? ஊரில் தாத்தா வீட்டு முகட்டில் ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவர் வரை கிடந்த அந்தப் பெரிய மரம் என்று சொன்னேன். "அது கண்ணுக்குள்ள போகாதே அம்மா" என்று சிரித்தான். சரியாகச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான் பிள்ளை. அது தச்சுப்பட்டறையில் வளர்ந்தவரின் பகிடி. மரத்தூள் கண்ணில் விழுவதும் அவருக்குத் தெரியும், உத்திரத்தின் பாரமும் தெரியும். நாங்கள்தான் அதை இருநூறு தரம் பிரசங்கித்து, சிரிப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு வைத்திருக்கிறோம்.

அவனுடைய அடுத்த கேள்வி: "மாயக்காரன் எண்டா மெஜிக் செய்யிறவரோ?"

என் அம்மா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், அப்பா புரட்டஸ்தாந்து. எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமமும் இருந்தன. அப்பாவின் பழைய மொழிபெயர்ப்பில் "மாயக்காரன்". அம்மாவின் பக்கத்துப் புதிய மொழிபெயர்ப்பில் "வெளிவேடக்காரரே". இரண்டாவதுதான் மூலத்துக்குக் கிட்ட. கிரேக்கத்தில் அந்தச் சொல் முதலில் குறித்தது மேடை நடிகனை. வேறு ஒருவரின் முகத்தை மாட்டிக்கொண்டு வந்து பேசுகிறவன். எங்கள் கூத்தில் வேடம் கட்டுகிறவன் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான், தன்னைத் தருமன் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போகமாட்டான். நாங்கள் கழுவுவதில்லை.

அப்பாவின் பக்கத்து மாமி ஒருவர் இருக்கிறார். இரட்சிக்கப்பட்டவர், முழங்கால் தேய ஜெபிக்கிறவர், எனக்கு அவரில் உண்மையாகவே பாசம். ஆனால் அம்மாவைக் காணும்போதெல்லாம் "சிலையைத் தொட்டுக் கும்பிடுறது பாவமெல்லோ" என்று தொடங்கிவிடுவார். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். பிறகு மாமியின் மகனுடைய கனடா விசா இழுபட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை நான் அம்மாவோடு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போயிருந்தேன். செவ்வாய் என்றால் அங்கே தெரியும்தானே, பொட்டு வைத்தவர்கள், முக்காடு போட்டவர்கள், பன்சலைக்குப் போகிற சிங்களச் சனம், எல்லாரும் ஒரே வரிசை. அந்த வரிசையில் முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் மெழுகுதிரிக் கட்டோடு மாமி. நான் கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால் வெளியே வந்துவிட்டார். "பாவம், பிள்ளைக்காக வந்திருக்கிறா. நாங்கள் கண்டதாக் காட்டிக்கொள்ளக் கூடாது."

எனக்குக் கிடைத்த பிரசங்கங்களில் அது முதல் மூன்றுக்குள் வரும். அம்மாவுக்கு மத்தேயு ஏழாம் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரியுமோ தெரியாது.

மாமியின் வேடம் ஆருக்கும் கெடுதி இல்லை. கெடுதியான வேடம் கலியாணப் பேச்சில் வரும். ஒரு வீட்டில் நத்தாருக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு அக்கா மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறார். மலையகத்துப் பொடியன் ஒருவன், மூன்று தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற குடும்பம், வங்கியில் வேலை, ஓய்வுநாள் பாடசாலையில் படிப்பிக்கிறவன். "நல்ல பிள்ளைதான், ஆனால் எங்கட ஆக்களில்லை" என்றார். அடுத்த மாதம் சைவக் குடும்பத்துப் பொடியன் ஒருவன் பொருந்தினான். சாதி சரி. கலியாணத்துக்கு முதல் கிழமை ஞானஸ்நானம். கிறிஸ்துவை நம்புகிறாயா என்று போதகர் கேட்டதற்கு அவன் தன் தாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு "ஓம்" என்றான். முழுச் சபையும் கைதட்டியது. சாதி பார்க்கிற பாவத்துக்காக எங்கள் பாடகர் குழுவிலிருந்து இதுவரை யாரையும் ஓய்வு எடுக்கச் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் பாட ஆள் மிஞ்சாது.

மேலிடமும் அப்படித்தான். திஸ்ஸ பாலசூரிய அடிகளார், மருதானையிலிருந்து வேலை செய்த இறையியலாளர், 1990இல் எழுதிய ஒரு நூலுக்காக 1997 ஜனவரியில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். ஒரு வருடம் கழித்து அந்த விலக்கு நீக்கப்பட்டது. அவருடைய கருத்துகளில் எனக்கு எல்லாமே உடன்பாடு என்றில்லை. ஆனால் வயது எழுபதைத் தாண்டிய ஒரு குருவானவரை எழுத்துக்காக விலக்கத் திருச்சபைக்குக் கை வந்தது. அடிக்கிற கை உள்ள எத்தனை பேர் திருப்பலிக்குப் போய் நற்கருணை வாங்குகிறார்கள்! அவர்களை விலக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"சபை பாவிகளின் ஆஸ்பத்திரி, குறை இருக்கத்தான் செய்யும்" என்று இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறோம். நல்லது. ஆனால் வாட்டில் தரையில் பாய் விரித்துக் கிடக்கிறவளின் வருத்தத்தை மைக் பிடித்து அறிவிப்பதும், கட்டணம் கட்டும் அறையில் கிடக்கிறவரின் வருத்தத்தைக் கதவைச் சாத்தி மறைப்பதும் என்ன ஆஸ்பத்திரி?

பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, புறம்பே இருக்கிறவர்களைத் தீர்ப்பது என் காரியமா, உள்ளே இருக்கிறவர்களையல்லவோ நீங்கள் தீர்க்கிறீர்கள் என்று கேட்கிறார். நாங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். 2023இல் ஒரு போதகர் மேடையில் நின்று மற்ற மதங்களை மட்டம்தட்டிப் பேசிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது ஞாபகமிருக்கும். பல கிறிஸ்தவத் தலைவர்கள் அதைக் கண்டித்தார்கள், உண்மை. ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதற்கு விழுந்த "ஆமென்"களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணினேனே தவிர, எதிர்த்து ஒரு வரி போடவில்லை. மியூட் பண்ணிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இவ்வளவு நேரமும் மற்றவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறேன். செயலாளர் அண்ணை இதை வாசித்தால் மீண்டும் கேக் தட்டை நீட்டுவார். ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையில் குண்டு வெடித்த நேரம் நாங்கள் வேறு கோவிலில் பாடிக்கொண்டிருந்தோம். அம்மா அன்று காய்ச்சலில் வீட்டில் கிடந்தார், இல்லாவிட்டால் அங்கேதான் போயிருப்பார். கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன், ஹோட்டல்கள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. 250க்கும் மேற்பட்ட உயிர்கள். பழிவாங்கவேண்டாம் என்று கர்தினால் கேட்டுக்கொண்டார். எங்கள் கோவிலில் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று பிரசங்கம் நடந்தது, நான் அழுதுகொண்டு கேட்டேன். மே மாதம் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தபோது, "இது சரியில்லை" என்று வீட்டுக்குள் சொல்லவும் சொன்னேன்.

ஆனால் எங்கள் ஒழுங்கை மூலையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருந்தது. பதினைந்து வருடமாக அரிசி, சீனி, பால்மா எல்லாம் அங்கேதான். என் மகன் நடை பழகியபோது முதலில் நடந்து போய்ப் பிடித்தது அந்தக் கடை மேசைக் காலைத்தான். ஏப்ரலுக்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. கோபம் என்றுகூடச் சொல்லமுடியாது. வீட்டால் இறங்கினால் கால் தானாக மற்றப் பக்கம் திரும்பி, சூப்பர் மார்க்கட் வரை நடந்தது. கடையைக் கடக்க வேண்டி வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வேன். ஒருமுறை போன் காதில் இருக்கும்போதே அது அடித்தது. அவர் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

யூன் 12ஆம் திகதி கொச்சிக்கடைக் கோவில் திரும்பத் திறந்தது. அம்மாவோடு போய் மெழுகுதிரி கொளுத்தினேன். அப்போதும் நானா கடைக்குப் போகவில்லை.

ஓகஸ்டில் ஒரு நாள் பால்மா முடிந்துவிட்டது, வெளியே மழை, வேறு வழியில்லை. போனேன். கடையில் ஆட்களே இல்லை, தட்டுகளும் பாதி காலி. நானா நான் கேட்காமலே வழமையான பைக்கற்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ன தங்கச்சி, கன நாளா காணல்ல. ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"ஓம் நானா. யாழ்ப்பாணம் போயிருந்தனான்."

"அங்க இப்ப நல்ல வெயிலாமே."

"ஓம் நானா," என்றேன். "சரியான வெயில்."