பாஸ் இல்லையென்றால் எத்தனை முறை போவீர்கள்?

தீம் பார்க்கின் வருடாந்திர பாஸ் வாங்கலாமா என்று தோழி ஒருவர் சென்ற வாரம் கேட்டதும், நான் பதில் சொன்னதும், அதன் கீழே நடந்ததும் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். "இப்போதைக்கு வேண்டாம், முதலில் ஒரு நாள் டிக்கெட்டில் போய்வாருங்கள், பிறகு முடிவு செய்யலாம்" என்று மட்டுமே எழுதியிருந்தேன். அதற்கு ஒருவர், "பெற்ற பிள்ளைகளின் சந்தோஷத்துக்கே கணக்குப் பார்க்கும் தாயிடம் போய் யோசனை கேட்கிறீர்களே" என்று எழுதினார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது; அவர் சொன்னதை நான் கடந்து போயிருப்பேன். ஆனால் அந்த வரிக்கு விருப்பக்குறி இட்டவர்களில் என் வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். ஆகவே இரண்டு வரியில் சொன்னதை இப்போது விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பாஸ் விற்பவர்கள் நமக்குப் பழக்கிவைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. பாஸின் விலையை ஒரு நாள் டிக்கெட்டின் விலையால் வகுக்க வேண்டும். மூன்று என்று வந்தால், மூன்று முறை போனாலே போட்ட பணம் வந்துவிடும், நான்காவது முறையிலிருந்து எல்லாம் இலவசம். கேட்பதற்கு நேர்மையான கணக்காகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது: பாஸ் என்ற ஒன்றே இல்லாவிட்டால் அந்த ஆண்டில் நீங்கள் எத்தனை முறை போயிருப்பீர்கள்? ஒரு முறை என்பது உங்கள் உண்மையான பதிலானால், பாஸ் உங்களுக்கு மிச்சப்படுத்துவது அந்த ஒரு டிக்கெட்டை மட்டுமே. இன்னும் இரண்டு டிக்கெட்டின் பணத்தை நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அதன் பிறகு எத்தனை முறை போனாலும், அந்தக் கூடுதல் பயணங்களை வாசலில் எழுதியிருக்கும் டிக்கெட் விலையால் பெருக்கி "இவ்வளவு லாபம்" என்று சொல்லக்கூடாது. அந்த விலையைக் கொடுத்து அந்தப் பயணத்தை நீங்கள் போயிருக்கவே மாட்டீர்களே! உங்கள் மனத்துக்கு அது எவ்வளவு பெறுமோ அதுதான் அதன் மதிப்பு; டிக்கெட் விலையில் பாதியாகவும் இருக்கலாம், கால்வாசியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஆகும் எரிபொருளையும், உள்ளே வாங்கும் சாப்பாட்டையும், கடை வாசலில் பிள்ளைகள் கேட்கும் பொம்மையையும், ஒரு முழு விடுமுறை நாளையும் அதிலிருந்து கழித்த பிறகு ஏதாவது மிஞ்சினால் அதை லாபம் என்று சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன்.

திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று நினைக்கலாம். திரும்பத் திரும்ப இதுதான் மறக்கப்படுகிறது என்பதால் சொல்கிறேன். பாஸ் தானே உண்டாக்கும் பயணங்களை வைத்து அந்தப் பாஸை நியாயப்படுத்த முடியாது.

நாம் எத்தனை முறை போவோம் என்று முன்கூட்டியே சரியாகக் கணிப்பது மிகக் கடினம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டெபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் 3 உடற்பயிற்சிக் கூடங்களின் உறுப்பினர் பதிவுகளை ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே கூடத்தில் 10 வருகைகளுக்கான அட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். அவர்கள் யாரும் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. வரப்போகும் மாதத்தில் நாம் எப்படி இருப்போம் என்பதைப் பற்றி நம் எல்லோருக்கும் நல்லெண்ணம்தான் இருக்கிறது. தீம் பார்க் பாஸ் வாங்கும்போதும் நாம் மனத்தில் காண்பது தேர்வு இல்லாத, காய்ச்சல் இல்லாத, மழை இல்லாத, அலுவலகத்தில் அவசர வேலை இல்லாத ஓர் ஆண்டைத்தான்.

இதற்கு நேர்மாறான இன்னொரு துன்பமும் உண்டு. அதை நான் அருகிலிருந்து பார்த்தேன் என்பதால்தான் தோழிக்கு அவ்வளவு விரைவாகப் பதில் எழுதினேன். என் தங்கை வீட்டில் ஓர் ஆண்டு பாஸ் வைத்திருந்தார்கள். (தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) பாஸ் முடியப்போகும் மாதத்தில் அவர்களோடு நானும் என் மகளும் ஒரு நாள் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனோம். என் மகள் அதற்கு முன்பே பார்க்கின் வரைபடத்தைக் கட்டிலில் விரித்துவைத்து எது முதலில், எது பிறகு என்று கோடு போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் அவள் ஓடினாள். தங்கையின் மகன் ஓடவில்லை. பிற்பகலில் அவன் கால் வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றான். தங்கையின் கணவர் அவன் தோளைத் தடவிக்கொடுத்து, "இன்னும் ரெண்டு ரைடுதான்பா, இந்த மாசத்தோட பாஸ் முடியுது, போட்ட காசு தேற வேண்டாமா" என்றார். அவர் பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருப்பவர். இதை யாரும் மாற்றிப் படித்துவிடக் கூடாது. பையன் ஒன்றும் சொல்லாமல் வரிசையில் போய் நின்றான். அந்தக் குழந்தையின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அவன் அந்த ரைடில் ஏறியது அவனுக்காக இல்லை, அப்பா கட்டிய பணத்துக்காக.

இது என் தங்கை வீட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு நாடக அரங்கின் பருவச் சீட்டை (ஒரு பருவத்தின் நாடகங்கள் அனைத்துக்குமான சீட்டை) வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு எந்த விலை என்பதை வாங்க வந்தவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. எல்லோருக்கும் கிடைத்தது அதே நாடகங்கள்தான். கொடுத்த பணம் உறுத்தியவர்கள் கூடுதலாக வந்தார்கள், உறுத்தல் ஆறியதும் நின்றார்கள். பாஸ் வாங்கிய வீடுகளில் முதல் சில மாதங்கள் எப்படிப் போகின்றன என்று எண்ணிப் பார்த்தால் இந்த ஆய்வு விளங்கும்.

பாஸ் கையில் இருந்தால் எந்த நாளும் உள்ளே போகலாம் என்று நம்பி வாங்குவோரும் இருக்கிறார்கள். விலை குறைந்த பாஸ்களில் பிளாக்அவுட் நாட்கள், அதாவது பாஸ் செல்லாத நாட்கள், என்று ஒரு பட்டியல் இருக்கும். பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதிகளும் பண்டிகைக் காலமும் பெரும்பாலும் அதில்தான் விழும். அதாவது பிள்ளைகள் உள்ள குடும்பம் போகக்கூடிய நாட்களில் பாஸ் செல்லாது. குளிர்நாடுகளில் பல பார்க்குகள் குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும். ஆண்டு என்று நாம் நினைப்பது அங்கே ஆறேழு மாதம்தான். சில இடங்களில் பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு நாளுக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் தன் பழைய வருடாந்திர பாஸ் திட்டத்தை 2021 ஜனவரியில் முடித்துவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் மேஜிக் கீ என்ற புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் உயர்ந்த வகைக்கு பிளாக்அவுட் நாட்களே கிடையாது என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் சில நாட்களில் பாஸ்காரர்களுக்கு முன்பதிவு கிடைக்கவில்லை, அதே நாளுக்கு ஒரு நாள் டிக்கெட் விற்பனையில் இருந்தது என்று வழக்குப் போடப்பட்டது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 95 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்தப் பாஸை வாங்கியவர்களும் பிள்ளைகள் மீது அன்பு உள்ளவர்கள்தான். அன்பு இருந்ததால் நிபந்தனைகள் மாறிவிடவில்லை.

இப்போது எனக்கு வந்த, வரப்போகிற பதில்களுக்கு வருகிறேன்.

"பார்க்கிங் கட்டணமும் உணவுத் தள்ளுபடியும் சேர்த்தாலே பாஸ் தேறிவிடும்" என்கிறார்கள். பார்க்கிங் சேர்ந்த பாஸ்கள் இருப்பது உண்மை. அவை பெரும்பாலும் மேல்வகைப் பாஸ்கள். நீங்கள் எப்படியும் போகவிருந்த நாட்களின் பார்க்கிங்கைக் கணக்கில் சேருங்கள், சரிதான். சாப்பாட்டுத் தள்ளுபடி என்பது செலவழித்தால்தான் கிடைக்கும் சேமிப்பு, அதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

"பாஸ் இருந்தால் நிதானமாகப் போகலாம், இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஓட வேண்டியதில்லை" என்று ஒரு அன்பர் எழுதியிருந்தார். எனக்கு வந்தவற்றில் மதிக்கத்தக்க பதில் இதுதான். பார்க்குக்குப் பக்கத்தில் வீடு, கூட்டமில்லாத வேலைநாளில் மாலையில் போய்வரும் வசதி, ரைடுகளை விட அந்த இடத்தையே விரும்பும் பிள்ளைகள், இவை மூன்றும் சேர்ந்த குடும்பத்துக்குப் பாஸ் நல்லதுதான், தாராளமாக வாங்கலாம். அவர்களிடம் என் கேள்வியைக் கேட்டால், "பாஸ் இல்லாவிட்டாலும் அடிக்கடி போவோம்" என்றே பதில் வரும். நீண்ட தூரம் காரில் வந்து, பள்ளி விடுமுறையில் மட்டுமே வரமுடிந்த ஒரு குடும்பம், அவர்களின் பதிலைக் கடன் வாங்கிக்கொண்டு பாஸ் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். என் தோழியின் நிலைமை அதுதான் என்பது அந்த உரையாடலிலேயே இருந்தது. படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் டிக்கெட்டில் முதலில் போகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பெரிய ரோலர் கோஸ்டர்கள் பலவற்றில் 122 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும், சிலவற்றில் அதற்கும் மேல். வாசலில் அளவுகோலின் கீழ் நின்று, எட்டாமல் திரும்பும் குழந்தைக்கு இந்த ஆண்டு பாஸ் வாங்குவதைவிட அடுத்த ஆண்டு வாங்குவது எவ்வளவோ மேல். எந்த ரைடுக்கு எவ்வளவு வரிசை, வரிசையைத் தாண்டிப் போக எவ்வளவு தனிக்கட்டணம் என்பதெல்லாம் ஒருமுறை போனால்தான் தெரியும். அந்தத் தனிக்கட்டணம் பெரும்பாலான பாஸ்களில் சேர்வதில்லை. போன அன்றே பிடித்துவிட்டால், அன்றைய டிக்கெட்டின் விலையைக் கழித்துக்கொண்டு, வெளியேறும் முன்பே பாஸாக மாற்றிக்கொள்ளப் பல பார்க்குகள் அனுமதிக்கின்றன. ஆக, காத்திருப்பதால் என் தோழி எதையும் இழக்கப்போவதில்லை. இதைச் சொல்வதற்குத்தான் நான் கல்நெஞ்சக்காரி ஆக்கப்பட்டேன்.

பிள்ளைகளின் சந்தோஷத்துக்கே கணக்குப் பார்க்கும் தாய் என்ற அந்த வரியிடமே திரும்ப வருகிறேன், ஏனென்றால் அதுதான் வலிக்கிறது. 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டில் 1982 வரை ரைடுகளுக்கென்று, ஆங்கில எழுத்தால் வகைபிரித்த தனித்தனிச் சீட்டுகள் கொண்ட புத்தகங்கள் விற்றார்கள். எந்த ரைடு எந்த எழுத்துச் சீட்டுக்கு என்பதில்கூட விலைக்கணக்கு இருந்தது. நுழைவுக்கு எவ்வளவு, ரைடுக்கு எவ்வளவு வைத்தால் அதிக வருவாய் என்பதைப் பற்றி வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர் 1971-லேயே ஆய்வுக்கட்டுரை எழுதினார். டிஸ்னிலேண்டின் பெயர் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளின் சந்தோஷத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்று விற்பவர்கள் இத்தனை காலமாக உட்கார்ந்து கணக்குப் போடலாம். அதை நிர்வாகத் திறமை என்போம். அதே சந்தோஷத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு தாய் மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு யோசித்தால் மட்டும் அது பாசமின்மையா? பன்னிரண்டு மாதத் தவணையில் பாஸ் வாங்கி, பாதியில் நிறுத்தமுடியாமல், தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிட்டதைக் கணக்கில் பணம் குறைந்த பிறகு கவனிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர், வேண்டாம் என்று சொன்னால் கஞ்சர்கள் என்று பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் வாங்கியவர்களோ!

வாங்க வசதியிருந்தும் வாங்காதவளான என்னையே இந்த வார்த்தை இவ்வளவு தைக்கிறது. வசதியில்லாததால் வாங்கமுடியாத ஒரு தாயோ தந்தையோ அந்த வரியைப் படித்திருந்தால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று, விருப்பக்குறி இட்டவர்களில் ஒருவராவது நினைத்துப் பார்த்தீர்களா? ஆண்டுக்கொருமுறை, அதுவும் பணம் சேர்த்துவைத்து, பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். எனக்குத் தனிச்செய்தியில் எழுதியவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு நாளுக்கு அவர்கள் வீட்டில் இருக்கும் எதிர்பார்ப்பு, பாஸ் வைத்திருக்கும் வீட்டின் அன்பைவிட ஒரு துளியும் குறைந்ததில்லை.

தோழிக்கு மீண்டும் சொல்கிறேன்: முதலில் ஒரு நாள் போய்வாருங்கள், அன்று மாலை வாசலில் நின்று அந்த ஒரு கேள்வியை நீங்களும் உங்கள் கணவரும் பேசிக்கொள்ளுங்கள், பிறகு வாங்குவதானால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். மற்றவர்கள், என் கணக்கில் எங்கே பிழை என்று கீழே எழுதினால் ஒவ்வொருவருக்கும் பதில் தருவேன். என் பிள்ளைகளுக்கும் எனக்கும் இடையிலான பாசத்தைப் பற்றி யாராவது இனி எழுதினால் அந்தப் பின்னூட்டம் நீக்கப்படும்.