மதுரையில் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்த ஒரே மேசை

கல்லூரிக் கால இரவுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், என் வயதை ஒத்த நண்பர்கள் பழைய ஒயின் ஷாப்களையும் அவற்றின் பின்புறம் இருந்த பார்களையும் பொற்காலம்போல நினைவுகூர்கிறார்கள். மதுரையில் 2001 முதல் 2004 வரை இளங்கலை படித்த எனக்கும் அந்த இரவுகள் அருமையானவைதான். ஆனால் அந்த அருமை மதுவினால் வந்ததன்று என்பதே என் உறுதியான கருத்து. அங்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை நாம் இழந்துவிட்டோம். இழந்தது இன்னதென்று அறியாமலேயே பாட்டிலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் போன பார் சிம்மக்கல் பக்கத்தில், ஒரு தனியார் கடையின் பின்புறம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இருந்தது. கடப்பைக்கல் பதித்த நீண்ட மேசைகள், இருபுறமும் மர பெஞ்சுகள், மூலையில் மண்பானையில் தண்ணீர். சுண்டல், மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டை, கையில் காசு இருக்கும் நாளில் குடல் வறுவல். எங்களில் குடித்தவர்களும் குறைவாகவே குடித்தார்கள், குடிக்காமல் சுண்டலுக்காக வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் வற்புறுத்தியதில்லை. பிறகு யானைக்கல் வரை நடந்து, ரோட்டோரக் கடையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அப்போது கோயிலுக்கு அருகில் இயங்கிய காய்கறிச் சந்தையில் லாரிகளிலிருந்து மூட்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே விடுதிக்குத் திரும்புவோம். தூங்கா நகரம் என்ற பெயருக்குப் பொருத்தமான ஊராகத்தான் மதுரை அப்போது இருந்தது.

இதில் முக்கியமானது அந்த மேசையில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான். எங்கள் வகுப்பில் பலர் அரசு விடுதி மாணவர்கள். ஆதிதிராவிடர் நல விடுதி ஓரிடத்தில், பிற்படுத்தப்பட்டோர் விடுதி வேறொரு தெருவில், கள்ளர் சீரமைப்புத் துறையின் விடுதி இன்னொரு பக்கத்தில் என்று பிரிந்து கிடந்தன. விதிப்படி ஒவ்வொரு விடுதியிலும் பிற வகுப்பினருக்குச் சில இடங்கள் உண்டு என்றாலும், ஒரு மாணவன் மாலையில் எந்த வாசலுக்குள் நுழைகிறான் என்பதைப் பார்த்தே அவன் சாதியை ஊகித்துவிட முடியும் என்பதுதான் நடைமுறை. அந்த விடுதிகள் இல்லாதிருந்தால் என் நண்பர்களில் பலர் பட்டமே பெற்றிருக்க மாட்டார்கள்; அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனாலும் ஒரே வகுப்பறையில் படித்தவர்கள் இரவுச் சோற்றைத் தனித்தனி வளாகங்களில் உண்டார்கள். பல கிராமங்களில் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்த மாவட்டம் அது. மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டு நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996இலிருந்து தேர்தலே முறையாக நடக்காமல் தடுக்கப்பட்டிருந்தன. 2006இல்தான் அங்கே தேர்தல் நடந்தது.

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் வந்த பையன்கள், இந்தச் செய்திகள் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்தக் கடப்பைக்கல் மேசையில் ஒரே தட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தின்றார்கள். ஒருவன் குடித்து வைத்த டம்ளரை அடுத்தவன் கழுவாமல் எடுத்தான். பாப்பாபட்டியைப் பற்றி அங்கே பேச்சு நடந்திருக்கிறது, குரல் உயர்ந்திருக்கிறது, ஒருவன் எழுந்து போயிருக்கிறான். அடுத்த வாரம் அவனே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தான். ஊரில் தன் தகப்பன் செய்வது தவறு என்று ஒரு நண்பன் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னதை அந்த மேசையில்தான் கேட்டேன். அப்படிப்பட்ட பேச்சை வகுப்பறையில் யாரும் தொடங்கவில்லை, விடுதியில் தொடங்கவும் முடியாது. அது நடப்பதற்குச் சாதி கேட்காமல் நான்கு பேரை நெடுநேரம் உட்காரவிடும் ஓரிடம் வேண்டியிருந்தது. அந்த ஊரில், அந்த நேரத்தில், எங்கள் கையிலிருந்த காசுக்கு, அப்படிப்பட்ட இடம் ஒரு பாராக மட்டுமே இருந்தது என்பதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அங்கே பரிமாறிய அண்ணன் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். எங்களில் எவன் எந்த ஊர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரியும். "தம்பி, இதோட போதும், எந்திரிங்க" என்று அவர் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. காசை நீட்டினாலும் வாங்க மாட்டார்.

2003 நவம்பர் 29 முதல் சில்லறை மது விற்பனை முழுவதையும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், ஏற்றுக்கொண்டது. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. பட்டம் பெற்றவர்கள் மேற்பார்வையாளர்களாகக் கடைக்கு வந்தார்கள். பார்கள் ஏலத்தில் ஒப்பந்தக்காரர்களுக்குப் போயின. பழைய முதலாளிகள் புனிதர்கள் என்று நான் சொல்லவில்லை; அந்தத் தொழிலில் அடாவடியும் கலப்படமும் இருந்தன. ஆனால் ஏலத்தொகையைத் திரும்ப எடுக்க வேண்டிய ஒப்பந்தக்காரருக்கு, ஒரு முட்டையோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும் மாணவர்கள் சுமையாகிவிடுகிறார்கள். நாங்கள் போன இடத்தில் பெஞ்சுகள் அகற்றப்பட்டு, சுவரோரம் நின்று குடிப்பதற்கான திண்டு கட்டப்பட்டது. அந்த அண்ணனும் போய்விட்டார். போதும் என்று சொல்லக்கூடிய ஆள் இல்லாத இடமாக அது மாறிய பிறகு, எங்கள் கூட்டத்தில் சிலர் வேகமாகக் குடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன், அந்த மேசையில் மிகத் தெளிவாகப் பேசியவன், நாற்பது வயதைத் தொடும் முன்பே கல்லீரல் கெட்டு இறந்துபோனான்.

2003-04இல் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய் 2023-24இல் 45,000 கோடியைத் தாண்டிவிட்டது. 2016இலும் 2017இலும் ஐந்நூறு ஐந்நூறாகவும், 2023இல் மீண்டும் ஐந்நூறும் கடைகள் மூடப்பட்டன. கடை திறக்கும் நேரம் 2016இல் பகல் 12 மணிக்குத் தள்ளப்பட்டது. இந்த நடவடிக்கைகளை நான் வரவேற்கிறேன். ஆனால் கடையை மூடும் அரசு, அந்தக் கடையில் வந்து நின்ற இளைஞன் மாலை ஏழு மணிக்கு வேறு எங்கே போய் உட்காருவான் என்ற கேள்விக்குள் நுழைவதே இல்லை. அவனிடம் காபி ஷாப்பில் இருநூறு ரூபாய் கொடுக்கும் வசதி இல்லை. விடுதி அறையில் எட்டுப் பேர் படுத்திருக்கிறார்கள்.

எங்கள் வகுப்புப் பெண்கள் இந்தக் கதையில் எங்கும் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். மாலை ஆறரைக்கு அவர்கள் விடுதிக் கதவு மூடப்பட்டது. இரவு மதுரையின் அழகைப் பற்றி நானும் என் நண்பர்களும் எழுதுவதெல்லாம் பாதி மாணவர்கள் பார்க்கவே அனுமதிக்கப்படாத ஊரைப் பற்றித்தான். வகுப்பில் எங்களைவிட நன்றாக வாதாடிய பெண்கள் அந்த மேசையில் இருந்திருந்தால் பாப்பாபட்டியைப் பற்றிய எங்கள் பேச்சு இன்னும் நேர்மையாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அருமையான கட்டடம். அதன் ஒரு தளத்தையாவது நள்ளிரவு வரை திறந்து வைத்து, வாசலில் ஒரு தேநீர்க் கடையை அனுமதித்து, இரவு பதினொரு மணிக்குப் பெரியார் நிலையத்துக்கும் மாட்டுத்தாவணிக்கும் பேருந்து விட வேண்டும் என்று கேட்கிறேன். கடைகள் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று 2019இலேயே அரசாணை போட்ட மாநிலத்தில் இது பெரிய கோரிக்கை அன்று. பெண்கள் விடுதிகளின் கதவு நேரமும் அதற்கேற்ப மாற வேண்டும்.

அரசு விடுதிகள் அனைத்தும் இனிச் சமூகநீதி விடுதிகள் என்றே அழைக்கப்படும் என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். பெயரை மாற்றியதை மனமார வரவேற்கிறேன். அடுத்ததாகக் கட்டப்படும் விடுதிகளிலாவது எல்லாத் துறை மாணவர்களையும் ஒரே கட்டடத்தில் தங்கவைத்து, ஒரே கூடத்தில், ஒரே பந்தியில் இரவுச் சாப்பாடு போட வேண்டும். அதற்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டிய தேவையில்லை. மூன்று துறைகள் கலந்து பேசி ஒரே சமையற்கூடத்துக்கு ஒப்புக்கொண்டால் போதும்.