பால்டர்ஸ் கேட் 3 வாங்கியாச்சா? முதலில் அந்த யூடியூப் வீடியோவை மூடுங்கள்

கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி வந்தால் போதும், தெரிந்தவர்களில் யாராவது பால்டர்ஸ் கேட் 3 என்ற கதை கேமை வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய கையோடு யூடியூபில் "பெஸ்ட் பில்ட்", அதாவது கேரக்டரை எப்படி அமைத்தால் சிறந்தது என்று தேடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வீரன், மந்திரவாதி என்று இருக்கும் 12 கிளாஸில் (கேரக்டர் வகைகளில்) எதை எடுத்தாலும் இந்த கேமை முடிக்கலாம். பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது: தொடக்கத்திலேயே வரும் பாழடைந்த கல்லறையில் விதர்ஸ் என்றொரு எலும்புக்கூட்டு ஆசாமி இருப்பார். 100 பொற்காசு கொடுத்தால் கிளாஸையே மாற்றித் தருவார். அவரைக் கண்டுபிடிக்காமல் விட்டாலும் பிறகு தானாகவே உங்கள் முகாமுக்கு வந்து நிற்பார். ஆக, கேரக்டர் உருவாக்கும் திரையில் இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

புதிதாக வருபவர்களைத் திணற வைப்பது மற்ற கேம்களிலிருந்து கூடவே வரும் பழக்கம். எதிரியைப் பார்த்தால் அடி, கதவு பூட்டியிருந்தால் சாவி தேடு என்ற பழக்கம். ஆனால் இந்த கேமின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் சூழ்நிலையை விவரித்துவிட்டு "இப்ப என்ன செய்யப் போறே?" என்று கேட்பார். ஆடுபவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ், அதன் ஐந்தாம் பதிப்பு விதிகளை எடுத்து 2023 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. அந்த மேசை இன்னும் உங்கள் முன்னால் இருப்பதாக நினைத்து ஆடிப் பாருங்கள். "இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஏதாவது ஆகும்.

உதாரணத்துக்கு, பாறை விளிம்பில் நிற்கும் எதிரியோடு எதற்கு வாள் சண்டை? பிடித்துத் தள்ளிவிடுங்கள். தள்ளுவது, உங்கள் முறை வரும்போது அடிப்பதைத் தவிரக் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன்தான், அடிக்கும் வாய்ப்பு அப்படியே இருக்கும். (ஆனால் பாதாளத்தில் விழுந்தால் அவன் வைத்திருந்த பொருளும் அவனோடு போய்விடும். நல்ல ஆயுதம் வைத்திருப்பவனைத் தள்ளாதீர்கள்!) குணமாக்கும் மருந்தைக் குடிக்கத்தான் வேண்டும் என்றில்லை, அடிபட்டுக் கிடக்கும் இரண்டு பேருக்கு நடுவில் தூக்கி எறிந்தால் இருவருக்கும் பலிக்கும். தண்ணீர் பட்டு நனைந்தவன்மீது மின்னலோ உறைபனி மந்திரமோ போட்டால் சேதம் இரட்டிப்பு. அவனையே நெருப்பால் தாக்கினால் பாதிதான். என்னை அசத்தியது பிணங்களோடு பேசும் மந்திரம். நீங்களே கொன்ற ஆளின் பிணம் உங்களோடு பேச மறுத்துவிடும், நியாயம்தானே. வேறு உருவத்துக்கு மாறிக்கொண்டு போய்க் கேட்டால் பேசும். இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள். வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு ஆடினால் அதில் பாதி சுகம் போச்சு.

சண்டைக்கு ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அடிப்பதற்கு முன் எதிரியின் மேல் கர்சரை வைத்தால் தெரியும் விழுக்காட்டை, அதாவது அடி விழும் வாய்ப்பைப் பாருங்கள். "என் அடி விழவே மாட்டேங்குது" என்று புலம்புபவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. கூட வரும் ஷேடோஹார்ட் என்ற பெண் எறியும் ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரம் குறி தவறுவது ஊரறிந்த நகைச்சுவை. காரணம் எளிது. அவளிடம் அந்த மந்திரம் இயங்குவது இன்டெலிஜென்ஸ் (அறிவு) என்ற திறன் புள்ளியில், அவளுடைய பலமோ விஸ்டம் (ஞானம்). அவளை பிளெஸ் என்ற ஆசி மந்திரம் போட வையுங்கள். மூன்று பேரின் ஒவ்வொரு தாக்குதலோடும் ஒரு நான்கு முகப் பகடை கூடுதலாகச் சேரும். உயரமான இடத்திலிருந்து எய்தால் பகடை எண்ணோடு +2 கிடைக்கும். வில்லாளியின் பக்கத்திலேயே எதிரி வந்து நின்றால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டிவரும், அதனால் முதலில் நகருங்கள். ஐந்தாவது லெவல் வரைக்கும் எல்லாரும் பலவீனமாகத்தான் இருப்பார்கள். அதன்பிறகு வீரர்களுக்கு இரண்டாவது அடியும், மந்திரவாதிக்கு ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரமும் வந்துவிடும். அது வரைக்கும் கஷ்டமான இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் சுற்றினால் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம், தூங்குங்கள். கதையின் ஆரம்பத்தில் மண்டைக்குள் புழு, ஏழு நாளில் உருமாறிவிடுவாய் என்று பயமுறுத்துவார்கள். அதை நம்பி, முகாமில் இரவு தூங்கி எழும் லாங் ரெஸ்ட்டே எடுக்காமல், மந்திரமெல்லாம் தீர்ந்து, கைத்தடியால் அடித்துக்கொண்டு ஊர்ந்து போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அந்த நாள் கணக்கு ஓடவில்லை. சாதாரணக் கடினத்தில் ஓர் இரவுக்கு 40 உணவு அளவு போதும், அது வழியெல்லாம் கிடைக்கிறது. கூட வருபவர்களின் சொந்தக் கதைகள் பெரும்பாலும் இரவு முகாமில்தான் திறக்கின்றன. தூங்காமல் போனால் அவை கைநழுவிப் போகலாம். கண்ணெதிரே ஒரு விடுதி பற்றி எரிகிறது என்பதுபோன்ற இடங்களில் மட்டும் படுத்துவிடாதீர்கள், விடிந்தால் அங்கே எல்லாம் முடிந்திருக்கும்.

கடைசியாக சேவ்-லோட் விவகாரம். சண்டைக்கு முன்னால் எஃப்5 அழுத்தி ஆட்டத்தைச் சேமித்து வைப்பது புத்திசாலித்தனம், மறுக்கவில்லை. ஆனால் உரையாடலில் பகடை தோற்றதும் பழைய சேவை லோட் செய்து திரும்பிப் போவதை நான் ஏற்கமாட்டேன். மறுபடி உருட்டத்தான் இன்ஸ்பிரேஷன் புள்ளி தருகிறார்களே, நான்கு வரை சேர்த்து வைக்கலாம். அதுவும் தீர்ந்து, பகடையில் 1 விழுந்து, பேசி முடிக்க வேண்டிய விஷயம் கைகலப்பானால் ஆகட்டும். அதற்கும் தனி வசனம், தனிக் காட்சி எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே சேவோடு, பின்னால் திரும்ப வழியில்லாமல் ஆடும் ஹானர் மோட் மட்டும் முதல் ஆட்டத்துக்கு வேண்டவே வேண்டாம்.