புலிகேசியை வெறும் வில்லனாக்காதீர்கள்

பல்லவர் – சாளுக்கியர் பகையை வைத்து நாவல் எழுத நினைக்கிறவர்களே, காஞ்சிப் பக்கத்துச் செப்பேடுகளோடு நிறுத்திவிடாதீர்கள். எதிரி வீட்டுக் கல்வெட்டுகளில்தான் பாதிக் கதை கிடக்கிறது.

சாளுக்கியத் தலைநகர் பாதாமியில் (அன்றைய வாதாபி) மூன்றாம் குடைவரையை 578இல் முடித்த மங்களேசன், அதன் புண்ணியத்தை அண்ணன் கீர்த்திவர்மனுக்கு அர்ப்பணித்துக் கல்லில் வெட்டினான். அண்ணன் போனபின் ஆட்சிக்கு வந்த அதே மனிதன், அண்ணன் மகன் இரண்டாம் புலிகேசியை ஒதுக்கிவிட்டுத் தன் மகனுக்குப் பட்டம் கட்டப் பார்த்தான். புலிகேசி படை திரட்டித் திரும்பினான். மகனுக்கு ராஜ்யம் தரும் முயற்சி, தன் ராஜ்யம், உயிர் மூன்றும் மங்களேசனுக்கு ஒன்றாகப் போயின என்கிறது சாளுக்கியரின் ஐஹொளே கல்வெட்டு (634). காஞ்சிக்கு வந்தவன் சித்தப்பாவை வென்று அரியணை ஏறியவன். இதை விட்டுவிட்டு அவனை எப்படி எழுதுவது?

அடுத்து, போர்க்களம். புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் ஒளி மங்கி, காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்கிறது ஐஹொளே. புள்ளலூரில் பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை அழித்தான் என்கிறது பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு. பகைவர் பெயரைச் சொல்லவில்லை. ஒன்றைப் பொய்யென்று தள்ளவேண்டாம். இரண்டு தரப்பும் வெற்றி என்று நம்பிய ஒரு போரை எழுதலாம், கதைக்கு அதுதான் வலு.

பெரும்பாலோர் தவறுவது மகேந்திரவர்மன் மகன் நரசிம்மவர்மன் காலத்தில். பல்லவரின் கூரம் செப்பேடு பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று களங்களை அடுக்குகிறது. மணிமங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே, பக்கத்தில்தான். அதாவது புலிகேசி மறுபடி வாசல்வரை வந்துவிட்டான். வீட்டு வாசலில் தொடங்கிய சண்டைதான் வாதாபிவரை போய் முடிந்தது. தோற்று ஓடிய புலிகேசியின் முதுகைப் பட்டயமாக்கி நரசிம்மவர்மன் 'வெற்றி' என்ற எழுத்துகளைப் பொறித்தான் என்று அந்தச் செப்பேடு சொல்லும்போது கை நடுங்குகிறது.

காஞ்சியிலிருந்து பாதாமி நேர்கோட்டிலேயே சுமார் 550 கி.மீ. மாட்டுவண்டியோடு நாளைக்கு 15 கி.மீ. நகர்ந்தால், நேர்வழியாகப் போனாலே 37 நாள். காட்டுவழி வளைந்தால் இன்னும் கூடும். யானை ஒன்றுக்குத் தினம் சுமார் 150 கிலோ தீவனம் என்று வையுங்கள், நூறு யானைக்கு 15 டன். இதைச் சுமந்து போக முடியாது, வழியில்தான் வெட்டவேண்டும். அதனால் படை எந்த மாதம் கிளம்பியது என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்யுங்கள். துங்கபத்திரையில் வெள்ளம் வரும் மாதத்தில் கிளப்பிவிட்டால் கதை அக்கரை சேராது. பாசறைச் சமையலில் மிளகாய் வேண்டாம், மிளகு போதும். மிளகாய் வர இன்னும் எண்ணூறு ஆண்டுக்கு மேல் இருக்கிறது.

642இல் வாதாபி விழுந்ததோடு முடித்துவிடவும் வேண்டாம். நரசிம்மவர்மன் பாதாமிப் பாறையில் தன் 13ஆம் ஆட்சியாண்டைப் பொறித்தான். அடுத்த நூற்றாண்டில் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். கைலாசநாதர் கோயில் செல்வத்தைப் பார்த்தவன், அதை எடுத்துப் போகாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தி கன்னடத்தில், அதே கோயில் தூணில் இன்றும் இருக்கிறது.