ஆடிப்பெருக்கைக் குழாயடியில் முடித்துவிடாதீர்கள்

ஆடி 18 வந்தால் எங்கள் பக்கத்தில் இப்போது ஒரு புதுப் பழக்கம். குடத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மஞ்சள் பூசி, பூச்சுற்றி, அதையே காவிரியாக நினைத்துக் கூடத்தில் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் என்றால் சரி. ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர்களும் அதையே செய்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இந்தப் பண்டிகைக்குக் கோயில் வேண்டாம், கட்டண வரிசை வேண்டாம், ஐயரும் வேண்டாம். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தால் பூசை தொடங்கிவிடும். காப்பரிசி, காதோலை கருகமணி, வெற்றிலை பாக்கு எல்லாம் படைத்த பிறகு, பெரியவர் ஒருத்தர் மற்ற பெண்களுக்கு மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கையில். புதுசாகக் கல்யாணமானவர்கள் தாலிக்கயிறு மாற்றுவதும், எடுத்து வைத்திருந்த கல்யாண மாலையை ஆற்றில் விடுவதும் அன்றைக்குத்தான். தன் கழுத்தில் தானே முடிச்சுப் போட்டுக்கொள்வதா இது? அப்புறம் சாப்பாடு. ஒரு வீட்டில் எலுமிச்சை சாதம், இன்னொரு வீட்டில் தேங்காய் சாதம், படித்துறையில் கைமாறிக் கைமாறி யார் சமைத்தது என்றே தெரியாமல் போகும். பொடிசுகள் சப்பரம் இழுத்துக்கொண்டு தெருவையே இரண்டு பண்ணும்.

கணவனை இழந்தவர்களை ஓரமாக உட்கார வைக்கும் வழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர்கள் வயலுக்கும் இதே காவிரிதானே பாய்கிறது? கயிறு கட்டிக்கொள்ள அவர்களுக்கு மட்டும் என்ன தடை?

தண்ணீர் வராத வருஷம் எங்கே போவது என்பீர்கள். நியாயமான கேள்வி. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஆடியில் ஆறு பெருகுவது குடகு மழையோடு மதகுத் திறப்பையும் பொறுத்ததாகிவிட்டது. ஜூன் 12 திறப்பது வழக்கம். அணையில் இருப்பு குறைந்தால் தள்ளிப்போகும். வறண்ட ஆண்டில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலேயே ஷவர் குழாய் வைத்துக் குளிக்க விட்டார்கள். மணலில் ஊற்றுத் தோண்டிக் கும்பிட்டவர்களும் உண்டு. அந்த மாதிரி வருஷத்தில்தான் கட்டாயம் போக வேண்டும் என்பேன். வெறும் மணலை ஊரே சேர்ந்து நின்று பார்த்தால்தான், செய்தியில் வரும் காவிரிப் பிரச்சினை நம் வீட்டுப் பிரச்சினை என்று பிள்ளைகளுக்கு உறைக்கும்.

தண்ணீர் நிறைய வந்தால் பிள்ளைகளைப் படியை விட்டு இறங்க விடாதீர்கள். ஆடி மாத இழுப்பு சாதாரணமில்லை. பாலித்தீன் பையையும் பழைய துணியையும் ஆற்றில் விடுவதை இந்த வருஷமாவது நிறுத்துவோம். மாலையைக் கூட ஜரிகையை உருவிவிட்டு விடலாம்.

எங்கள் தெருவில் கிளம்பும் நேரம் காலை ஏழு மணி. புளியோதரை எங்கள் வீட்டுப் பொறுப்பு. தயிர்சாதத்துக்குத்தான் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.