டெய்ட்டியில் ஏஐ புத்திசாலி இல்லை, பணக்காரன்

நாடு ஒன்றைக் கட்டி வளர்க்கும் கம்ப்யூட்டர் விளையாட்டான சிவிலைசேஷன் 6 ஆடுகிறவர்களிடம், கடினமான எம்பரர் லெவலையும் அதைவிடக் கடினமான டெய்ட்டி லெவலையும் பற்றி அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "எம்பரர் வரைக்கும் ஜெயிச்சிடறேன், டெய்ட்டி போனா 40 டர்ன்ல காலி. கம்ப்யூட்டர் ஏமாத்துது."

ஏமாற்றவில்லை. கம்ப்யூட்டர் எதிராளியான ஏஐ சலுகை வாங்கிக்கொண்டு ஆடுகிறது, அதுவும் கணக்கு தெரிந்த சலுகை. பிரின்ஸ் லெவலில் அதற்கும் நமக்கும் சமம். அதற்கு மேல் நான்காவது படி டெய்ட்டி. அங்கே ஏஐக்கு, கட்டவும் படை எடுக்கவும் உதவும் ப்ரொடக்‌ஷனும் கோல்டும் 80 சதவீதம் கூடுதல். சயின்ஸ், கல்ச்சர், ஃபெய்த் 32 சதவீதம் கூடுதல். சண்டையில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 பலம் அதிகம். நாம் ஒரு செட்லரோடு (புது நகரம் நிறுவும் யூனிட்) தொடங்கும்போது அது 3 செட்லர், 5 வாரியரோடு வந்து நிற்கும். ஆனால் யோசிப்பது என்னவோ பிரின்ஸில் யோசித்த அதே மாதிரிதான். அதனால் அதனோடு ஓட்டப்பந்தயம் ஓடுவது வீண். அதன் செல்வத்தை நம் பக்கம் திருப்புவதுதான் டெய்ட்டி ஆட்டம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உயிரோடு இருக்க வேண்டும். அந்த 4 பலம் சின்ன எண்ணாகத் தெரியும். சம பலமுள்ள இரண்டு யூனிட் மோதினால் ஆளுக்குச் சுமார் 30 புள்ளி அடி விழும். 4 வித்தியாசம் வந்ததும் நம் வாரியர் வாங்குவது 35, கொடுப்பது 25. நேருக்கு நேர் மோதினால் தோற்பது நிச்சயம். ஆனால் வில்லாளியான ஆர்ச்சருக்குத் தூரத் தாக்குதல் பலம் 25, இரண்டு கட்டம் தள்ளி நின்று எய்யலாம், திருப்பி அடியும் விழாது. மேட்டில் ஒரு வாரியரை அரணாக நிறுத்தி, பின்னால் மூன்று ஆர்ச்சர் வைத்தால் ஐந்தாறு வாரியர் வந்தாலும் கரைந்துபோகும். மேட்டு நிலத்தில் நிற்பவருக்குத் தற்காப்பில் 3 கூடுதல் என்பதால், அந்த 4 ஏறக்குறைய ஈடாகிவிடும்.

ஆர்ச்சருக்குப் போகும் வழியில் பலர் கோட்டை விடுவது ஒரு சின்ன விஷயத்தில். ஆர்ச்சரி டெக்குக்கு (ஆர்ச்சரைத் தரும் தொழில்நுட்பம்) யுரேகா என்ற தள்ளுபடி கிடைக்க, கவண் வீரரான ஸ்லிங்கர் ஒரு எதிரியைக் கொல்ல வேண்டும். கடைசி அடி ஸ்லிங்கருடையதாக இருந்தால் போதும். வாரியரால் பார்பேரியனை (எந்த நாட்டையும் சேராத எதிரி) அடித்துத் தளர்த்திவிட்டு, முடிக்கும் வேலையை ஸ்லிங்கரிடம் விடுங்கள். யுரேகா அந்த டெக்கின் விலையில் 40 சதவீதத்தைக் கழித்துவிடும். எந்த டெக்கையும் 60 சதவீதம் வரை ஆராய்ந்து நிறுத்தி, வேறு டெக்குக்கு மாறி, யுரேகா விழுந்ததும் அது தானே முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 32 சதவீத சயின்ஸ் சலுகைக்கு நம் கையில் இருக்கும் பதில் இதுதான்.

ஆரம்பத்திலேயே ஸ்டோன்ஹெஞ்ச், ஹேங்கிங் கார்டன்ஸ் என்று அதிசயங்கள் பின்னால் ஓடாதீர்கள். 80 சதவீதம் கூடுதல் ப்ரொடக்‌ஷன் உள்ளவன் ஒரே டர்ன் முந்தினாலும் நம் உழைப்பு போச்சு. அந்த ப்ரொடக்‌ஷனைச் செட்லரில் போடுங்கள். முதல் செட்லர் 80, அடுத்தடுத்து 30 ஏறிக்கொண்டே போகும். எர்லி எம்பயர் சிவிக்கில் (கல்ச்சரால் கிடைக்கும் முன்னேற்றம்) வரும் காலனைசேஷன் கொள்கைக் கார்டு செட்லருக்கு 50 சதவீத ப்ரொடக்‌ஷன் கூட்டும். மக்கள்தொகை 6 ஆனால் அந்த சிவிக்குக்கும் யுரேகா போலவே பூஸ்ட் உண்டு. இந்தக் கார்டு போட்டிருக்கும்போது வரிசையாகச் செட்லர் எடுப்பவர்தான் 100-வது டர்னில் பத்து நகரத்தோடு நிற்கிறார்.

நகரம் வைத்தவுடன், சயின்ஸ் தரும் டிஸ்ட்ரிக்ட்டான (நகரின் தனிப் பகுதி) கேம்பஸுக்கு இடம் குறித்துவிடுங்கள். டிஸ்ட்ரிக்ட் விலை 54-இல் தொடங்கி, டெக்கும் சிவிக்கும் முன்னேற முன்னேற ஏறும். ஆனால் இடம் வைத்த நாளில் இருந்த விலையே நிலைக்கும். கட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கட்டத் தயாரான பிறகு இடம் தேடுவதால் மட்டுமே எத்தனையோ ப்ரொடக்‌ஷன் வீணாகிறது.

இனி அந்தப் பணக்காரன். ஆடம்பரப் பொருளில் ஒரு பிரதி நான்கு நகரங்களுக்கு அமெனிட்டி (மக்களின் மகிழ்ச்சி) தரும். அதே பொருளின் இரண்டாவது பிரதி நமக்கு ஒன்றும் தராது, ஏஐயோ அதற்குக் காசு கொடுக்கும். கிடைத்த அன்றே விற்றுவிடுங்கள். கேதரிங் ஸ்டார்ம் என்ற கூடுதல் தொகுப்பு இருந்தால் டிப்ளமேட்டிக் ஃபேவரையும் (ராஜதந்திரப் புள்ளி) விற்கலாம். ஒரு எச்சரிக்கை: டர்னுக்கு இவ்வளவு என்று வரும் தவணை, போர் மூண்டால் அன்றே நின்றுவிடும். எல்லையில் படை குவிக்கும் பக்கத்து நாட்டிடம் மொத்தத் தொகையாகவே கேளுங்கள். கோல்டால் வாங்கும்போது விலை ப்ரொடக்‌ஷனைப் போல நான்கு மடங்கு: முதல் செட்லர் 320, நிலத்தை மேம்படுத்தும் முதல் பில்டர் 200. அவன் காசில் நம் நகரம்.

ஒரு நாடு அறிமுகமான முதல் டர்னிலேயே 25 கோல்ட் கொடுத்து டெலிகேஷன் (தூதுக்குழு) அனுப்புங்கள். தள்ளிப்போட்டால் மனம் மாறி மறுத்துவிடுவார்கள். நட்பறிவிப்பு வரை கொண்டுபோனால் 30 டர்ன் அந்தப் பக்கம் நிம்மதி.

இவ்வளவும் செய்துவிட்டு நல்ல நிலையில் இருக்கும்போதே தோற்பவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் மதம். ஒவ்வொரு நாட்டிலும் பாதிக்கு மேல் நகரங்கள் ஒரே மதத்துக்கு மாறினால் அந்த மதத்துக்காரர் வெற்றி. பத்து டர்னுக்கு ஒருமுறையாவது வெற்றிப் பலகையைத் திறந்து பாருங்கள். சொந்த மதம் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது: அந்த மதத்தைப் பரப்பும் நாட்டோடு போர் அறிவித்து, நம் எல்லைக்குள் திரியும் மிஷனரி, அப்போஸ்தலர் மேல் படை யூனிட்டை நகர்த்தி 'கண்டம் ஹெரடிக்' (மத விரோதியைத் தண்டி) பொத்தானை அழுத்தினால் போதும், அந்த யூனிட் அங்கேயே ஒழியும், சுற்றியுள்ள நகரங்களில் அந்த மதத்தின் பிடியும் தளரும்.