திரும்பாத குதிரைக்குக் கடுமையான பிட் மாட்டினால் சரியாகிவிடுமா?

"சொன்ன பக்கம் திரும்பாத குதிரைக்கு நீளக் கை வைத்த பிட்டை மாட்டுங்கள், உடனே திரும்பும்" என்றொரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு. பிட் என்பது கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் இருக்கும் உலோகத் துண்டு.

ஷாங்க் எனப்படும் அந்த நீளக் கை நெம்புகோலாக வேலை செய்கிறது. கடிவாள வாரை இழுத்தால் வாய், தாடையின் அடிப்பகுதி, உச்சந்தலை மூன்றிலும் அழுத்தம் கூடும். ஒரு பக்க வாரை மட்டும் இழுத்தால் பிட் வாய்க்குள் கோணிக்கொள்ளும்; எந்தப் பக்கம் போகச் சொல்கிறோம் என்பதே குதிரைக்குக் குழம்பிவிடும். கழுத்தில் வார் பட்டதுமே திரும்பப் பழகிய குதிரைக்குத்தான் நீளக் கை பிட் பொருந்தும்.

திருப்புவதற்கு உதவி வேண்டுமென்றால் ஃபுல் சீக் ஸ்னாஃபிளைப் பாருங்கள். ஸ்னாஃபிள் என்பது நெம்புகோல் கை இல்லாத எளிய பிட். இதில் வாயின் இரு பக்கமும் மேலும் கீழுமாக நீளும் கம்பிகள் உண்டு. இடது வாரை இழுத்தால் வலப்பக்கக் கம்பி கன்னத்தில் அழுத்தி, தலையை இடப்பக்கம் தள்ளும். பிட் வாய்க்குள் இழுபட்டும் போகாது. பக்கங்களில் D வடிவ வளையம் உள்ள டி வளைய ஸ்னாஃபிளும் ஏறக்குறைய இப்படித்தான், கொஞ்சம் மென்மையாக. ஃபுல் சீக்கின் கம்பி முனை எதிலாவது மாட்டிக்கொள்ளும், அதில் மட்டும் கவனம் வேண்டும்.

அப்புறம், நேற்றுவரை ஒழுங்காகத் திரும்பிய குதிரை இன்று மறுத்தால் முதலில் அதன் பல்லைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கூரான கடைவாய்ப் பல் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தால் எந்த பிட்டும் உதவாது.